அக்காவின் புது மூக்கு

ஒரு மூக்கைப் பத்து வருடம் கிழடாக்க எனக்கு ஒன்றரை நிமிடம் போதும். தலைக்கு மேலே ஒரு விளக்கு, முகத்துக்கு மிக அருகே கேமரா, "கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, இப்போ நல்லா சிரிங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சிரித்தால் மூக்கின் நுனி கீழே இறங்கும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே இறங்கும். விளக்கு உச்சியில் இருப்பதால் மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து, மகாராணிக்கும் மீசை வைத்துவிடும். இதற்குப் பெயர் 'முன்' படம்.

'பின்' படத்துக்கு விளக்கை முகத்துக்கு நேராக இறக்குவேன். கேமராவை நாலடி பின்னுக்கு நகர்த்துவேன். "தாடையை இம்மி தூக்குங்க, சிரிக்காதீங்க" என்பேன். துக்கத்தோடு வருகிறவர்களைச் சிரிக்கச் சொல்லிவிட்டு, துக்கம் தீர்ந்ததும் சிரிக்காதே என்று அதட்டுகிற இடம் எங்கள் கிளினிக் ஒன்றுதான். இரண்டு படங்களுக்கும் நடுவில் டாக்டரம்மா ஊசி போடுகிறார் என்பது உண்மை. அந்த ஊசியால் மூக்கு கொஞ்சம் நிமிர்கிறது என்பதும் உண்மை. மிச்சத்தை நான் நிமிர்த்துகிறேன்.

வயதான மூக்குகளை அறுக்காமல் கிழிக்காமல் தூக்கிவிடுவதுதான் எங்கள் தொழில். நுனியைக் கீழே இழுக்கிற தசையில் ஒரு சொட்டு மருந்து விட்டால் அது இழுப்பதை நிறுத்திவிடும். மூக்குத்தண்டின் பள்ளத்தில் ஃபில்லர் என்று ஒரு பசையை ஊசி வழியாக நிரப்பினால் மேடு தெரியாது. அப்படியும் அடங்காத மூக்குக்கு, தோலுக்கு அடியில் மெல்லிய நூலைச் செலுத்தி இழுத்துக் கட்டுவார்கள். காலையில் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் புது மூக்கோடு வீட்டுக்குப் போய்விடலாம். ஒன்பது மாதம் தாங்கும். அப்புறம் மறுபடி வர வேண்டும்.

நீளமான ஒரு நடை. அதில் வரிசையாக நாலு அறை. முதல் அறையில் நான் 'முன்' எடுப்பேன். இரண்டாவதில் சிஸ்டர் மூக்கு மரத்துப்போகக் களிம்பு தடவி நாற்பது நிமிடம் உட்கார வைப்பார். மூன்றாவதில் டாக்டரம்மாவும் ஊசியும். நான்காவதில் மறுபடி நான், 'பின்' படத்தோடு. வெளியே போகும் வழி அந்த நான்காம் அறையின் பின்வாசல்தான். வீங்கிய மூக்கோடு போகிறவர்களை உள்ளே வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதல்லவா! கட்டடம் முழுக்கத் தேடினாலும் ஒரு கண்ணாடி கிடைக்காது. அது டாக்டரம்மாவின் கண்டிப்பான உத்தரவு. புது மூக்கை முதல் முதலாக என் படத்தில்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி எதிர்க்கேள்வி கேட்கும், படம் கேட்காது.

டாக்டரம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வயது அறுபத்தொன்று, கை தங்கம். ஆனால் அவருடைய சொந்த மூக்கு மேலுதட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினைந்து வருடமாக ஊரார் மூக்கையெல்லாம் தூக்கிவிட்டவர், தன் மூக்குப் பக்கம் ஒரு குண்டூசியைக்கூட அண்டவிட்டதில்லை. நாள் முழுக்க முகக்கவசம் போட்டிருப்பார். கிருமிக்குப் பயம் என்பார். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் கழற்றுவார். அப்போது நாங்கள் எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்போம்.

இந்த இடத்துக்கு என் அக்கா வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இழப்பீட்டு மனுக்களைப் படித்து ஓய்வு பெற்றவள். மூக்குக்கு மேல் கோபம் வரும். மூக்கு எங்கள் அப்பாவுடையது. நடுவில் ஒரு மேடு, நுனியில் ஒரு வளைவு. அத்தான் அவளுக்குக் 'கிளி' என்று பெயர் வைத்துவிட்டார். "கிளி, தண்ணி கொண்டா." "கிளி, போன் அடிக்குது பாரு." அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். காலை முதல் மாலை வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று பிள்ளைகளின் உயிரை எடுப்பார். தான் மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டார். அறுபத்து நாலு வயதில் அவர் மூக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அதுவும் தடித்துத் தொங்கிப்போய்த்தான் இருந்தது.

அவரிடம் அக்காவின் மூக்கைப் பற்றி மூன்று ஜோக்குகள் இருந்தன. முப்பத்தைந்து வருடமாக அதே மூன்று. விருந்தாளி வந்தால் ஒன்றாவது நிச்சயம். மழை பெய்தாலும் அக்காவின் வாய் நனையாது என்பது அதில் முதலாவது. எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன், அதை மறைப்பானேன்.

அக்காவின் மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அத்தான் மழை ஜோக்கை அவிழ்த்துவிட்டார். மருமகளுக்கு அது புதிது. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி, இருமி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அக்காவும் வழக்கம்போலச் சிரித்தாள். ஆனால் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள், என்னையும் பின்னால் வரச்சொன்னாள்.

"உங்க கிளினிக்ல எனக்கு ஒரு நாள் சொல்லுடா," என்றாள்.

"எதுக்குக்கா? அவர் எப்பவும் சொல்றதுதானே."

"அவர் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவேன். பழகிப்போச்சு. ஆனா அந்தப் பொண்ணு என்கூட இன்னும் இருபது வருஷம், முப்பது வருஷம் இருக்கணும். நாலாவது மாசமே நான் அவளுக்கு ஒரு ஜோக்கா ஆயிட்டேன்னா, அப்புறம் இந்த வீட்ல நான் மாமியாரும் இல்ல, மனுஷியும் இல்ல." குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் மெதுவாகச் சொன்னாள். "நீ எடுத்த படமெல்லாம் பாத்தேன். எல்லாருக்கும் எப்படி மாறியிருக்கு!"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாதி ஊசி, பாதி தாடை என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். என் படத்தை என் அக்காவே நம்பிவிட்டாள் என்ற அற்பப் பெருமை இன்னொரு பக்கம். ஊழியர் குடும்பத்துக்கு எங்கள் கிளினிக்கில் இலவசம். பதிலுக்குப் படத்தைச் சுவரில் மாட்டச் சம்மதிக்க வேண்டும். அக்கா உடனே சம்மதித்தாள்.

அவள் வந்த நாளில் கூட்டம் நெரித்தது. முதல் அறையில் அவளை உட்காரவைத்து 'முன்' படம் எடுத்தேன். சொந்த அக்கா என்று கை தயங்கும் என நினைத்தேன். தயங்கவில்லை. விளக்கு தானாக மேலே போனது, வாய் தானாக "நல்லா சிரிங்க" என்றது. அந்த வருடத்திலேயே நான் எடுத்த மிக மோசமான 'முன்' படம் அதுதான். அதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. அழிக்கவில்லை.

சிஸ்டர் நாலு பக்கச் சம்மதப் படிவத்தை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, "இத நான் வெச்சுக்கலாமா? படிச்சுட்டுத் தர்றேன்," என்றாள். சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிளினிக் திறந்த நாள் முதல் அந்தப் படிவத்தை யாரும் படித்ததில்லை. எழுதினவர் படித்தாரா என்பதே சந்தேகம்.

இரண்டாம் அறையில் அக்காவோடு ஒரு பாட்டு டீச்சரும் களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் டீச்சரைத்தான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் அறையிலிருந்து "அம்மா!" என்று ஒரு குரல் உச்சஸ்தாயியில் எழுந்து அடங்கியது. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். டீச்சருக்குப் 'பின்' படம் எடுத்து, பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அக்கா நின்றாள். மூக்கில் களிம்பு துடைக்கப்பட்டிருந்தது, முகம் வெளிறியிருந்தது.

"முடிஞ்சுதாக்கா?"

அவள் பின்வாசலைப் பார்த்தாள். "இல்லடா, நான்..."

"பேசாத, பேசாத. வாய அசைக்கக் கூடாது. வா, உக்காரு," என்று கையைப் பிடித்து இழுத்து முக்காலியில் உட்காரவைத்தேன். "வலிச்சுதா?"

"எனக்கு ஒண்ணும் வலிக்கல," என்றாள் அக்கா.

டாக்டரம்மாவின் கையை மனதுக்குள் பாராட்டினேன். வழக்கமாக ஊசி ஏறின இடத்தில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருக்கும். கம்ப்யூட்டரில் நான்தான் அதை அழிக்க வேண்டும். அக்காவின் மூக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். விளக்கை இறக்கினேன், கேமராவைப் பின்னுக்குத் தள்ளினேன், அவள் தாடையை இரண்டு விரலால் தூக்கினேன். எடுத்தேன்.

திரையில் வந்த படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவாடா நான்?"

"நீதான்க்கா. சாட்சாத் நீயேதான்."

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. சிஸ்டர் அவசரமாக வந்து, பின்பற்ற வேண்டியவை என்ற தாளைக் கையில் திணித்துவிட்டு ஓடினார். இரண்டு வாரத்துக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, மூக்குக்கண்ணாடி போடக் கூடாது, குனியக் கூடாது, மல்லாந்துதான் படுக்க வேண்டும், மூக்கை யாரும் தொடக் கூடாது. கடைசி வரியில் பெரிய எழுத்தில்: பலன் ஒன்பது மாதம்.

சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் சிஸ்டர் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் மூடி திறக்காத ஊசி ஒன்று. அதில் ஒட்டியிருந்த எண் அக்காவுடையது. டாக்டரம்மா உள்ளே அழைத்துக்கொண்டார் என்று சிஸ்டர் நினைத்திருக்கிறார். சிஸ்டர் இன்னும் அனுப்பவில்லை என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். 'பின்' படம் ஃபைலில் ஏறிவிட்டால் எங்கள் இடத்தில் வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம். ஆக, என் படம்தான் எல்லோருக்கும் சாட்சி.

நாலாயிரம் மூக்கைப் படமெடுத்தவன் நான். கூடப்பிறந்தவள் மூக்கில் ஊசி பட்டதா படவில்லையா என்று தெரியாமல் கண் கலங்கியிருக்கிறேன்.

"உடனே கூப்பிடுங்க. நாளைக்கு வந்தா போட்டுடலாம்," என்றார் டாக்டரம்மா.

போன் செய்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "டேய், உங்க அத்தான் கையில இருந்த கரண்டியக் கீழ போட்டுட்டார்டா. 'என்ன கிளி, ஆளே மாறிட்டே'ன்னார். அப்புறம் அவரே, 'இனிமே கிளின்னு கூப்பிடக் கூடாதோ'ன்னு கேக்கறார்." குரலில் ஏதோ ஒரு நடுக்கம் இருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். "சரி, நீ எதுக்குப் போன் பண்ணினே?"

"சும்மாதான்க்கா. பத்திரமா போய்ச் சேந்தியான்னு கேக்கத்தான்," என்று வைத்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்காவின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. "நம்ம கிளினிக்ல இதுவரைக்கும் இப்படி ஒரு ரிசல்ட் வந்ததில்ல," என்றார். "பாருங்க, துளி வீக்கம் இல்ல." மறுவாரமே காத்திருக்கும் கூடத்தின் நடுச்சுவரில் அக்கா ஆளுயரத்துக்குத் தொங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என்னால் தாங்க முடியாத கூத்து. அக்கா தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். குனியக் கூடாது என்பதால் தாடையைத் தூக்கியபடியே வீட்டுக்குள் நடமாடினாள். சிரிக்கக் கூடாது என்பதால் அத்தானின் மூன்று ஜோக்குகளுக்கும் தடை விழுந்தது. அவர் வாயெடுத்தால் போதும், "சிரிக்க வைக்காதீங்க, மூக்கு இறங்கிடும்," என்று கையை உயர்த்துவாள். அவரும் பதறிப்போய் வாயை மூடிக்கொள்வார். இரண்டு வாரம் முடிந்த பிறகும் அவருக்கு அந்தப் பயம் தெளியவில்லை. மருமகள் அக்கா பின்னாலேயே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன்.

உறவுக்காரர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். அவரவர் மூக்கின் மேல்தான். அக்காவின் மூக்கைத் தொட அனுமதி கிடையாது. அத்தானோ விருந்தாளிகளுக்கு முன்னால் அக்காவைப் பக்கவாட்டில் நிற்கவைத்து விளக்கமே கொடுத்தார். "இந்த இடத்துல முன்னாடி ஒரு மேடு இருந்துச்சு. இப்போ பாருங்க, புதுசா ரோடு போட்ட மாதிரி!" அவர் விரல் காட்டிய இடத்தில் அந்த மேடு அப்படியே உட்கார்ந்திருந்தது. விருந்தாளிகள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

அக்காவின் பேரைச் சொல்லிக்கொண்டு பதினோரு பெண்கள் எங்கள் கிளினிக்குக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் நிஜமாகவே ஊசி போட்டார்கள். நிஜமாகவே வலித்தது, நிஜமாகவே வீங்கியது. "உங்க அக்காவுக்கு மட்டும் எப்படி வலியே இல்ல? ஆள் பாத்துப் போடறீங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உண்மையைச் சொல்லிவிடத்தான் அக்கா வீட்டுக்குப் போவேன். அவள் தலை நிமிர்ந்து நடப்பதைப் பார்ப்பேன். அந்த நிமிர்வுக்கு அடியில் ஒரு மூடி திறக்காத ஊசி இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? 'கிளி' திரும்பி வரும். மழை ஜோக்கோடு நாலாவதாக ஒரு ஜோக்கும் சேரும். போடாத ஊசிக்குப் பொலிவு வந்த கதை. அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். மருமகள் தன் பிள்ளைகளுக்குச் சொல்வாள். அந்த நினைப்பே என்னை அரித்தது.

சரியாக ஒன்பதாவது மாதம் அக்கா போன் செய்தாள். "டேய், கெடு முடிஞ்சுபோச்சு. உங்க அத்தான் நேத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, 'லேசா இறங்க ஆரம்பிச்சிடுச்சு'ங்கறார். அந்தத் தாளை அவர் ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சுத் தேதிய எண்ணிக்கிட்டு இருந்தார். வியாழக்கிழமை வர்றேன்."

இறங்குகிறதாம்! ஏறாதது எப்படி இறங்கும்? அந்த நிமிடமே முடிவு செய்தேன். வேலை போனாலும் போகட்டும், இந்த முறை சொல்லிவிடுவது.

வியாழக்கிழமை அக்கா முதல் அறைக்குள் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினேன். விளக்கைப் போடவில்லை. "அக்கா, என்னை அடிச்சாலும் பரவாயில்ல. அன்னிக்கு உனக்கு ஊசியே போடல. தப்பு நடந்துபோச்சு. எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியும்," என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "என் மூக்குல ஊசி போட்டாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதாடா?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நாற்பது நிமிஷம் உக்கார வெச்சீங்க. அந்த நாலு பக்கத்தையும் படிச்சேன். 'மிக அரிதாகப் பார்வை இழப்பு ஏற்படலாம்'னு மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருக்கு. முப்பத்தொரு வருஷம் அந்தச் சீட்ல உக்காந்திருந்தேன். அந்த 'மிக அரிதாக' எல்லாம் ஃபைலத் தூக்கிக்கிட்டு எங்கிட்டதான் வந்து நிக்கும். அப்போ உங்க டாக்டரம்மா அந்தப் பக்கமா வந்து முகக்கவசத்த இறக்கித் தண்ணி குடிச்சாங்க. அவங்க மூக்கப் பாத்தேன். சமைக்கிறவங்களே வாயில வெக்காதத நான் எதுக்கு விழுங்கணும்? அப்புறம் உள்ள போன டீச்சர் வேற கத்தினாங்க. அவங்க வெளிய போனதும் களிம்பத் துடைச்சுட்டு எழுந்து ஓடி வந்துட்டேன். முன்பக்கம் போனா பன்னெண்டு பேர் உக்காந்து பாப்பாங்க. அதான் உன் ரூம் வழியா போகலாம்னு வந்தேன். சொல்ல வாயெடுத்தேன். நீதான் பேசாத பேசாதன்னு பிடிச்சு உக்கார வெச்சுத் தாடையத் தூக்கினே."

"படத்தப் பாத்து அழுதியேக்கா..."

"ஊசி போடாமலே அது நான்தான்னு தெரிஞ்சுதுல்ல, அதான் அழுதேன். வீட்ல போய் உண்மையச் சொல்லிடலாம்னுதான் போனேன். அதுக்குள்ள இவர் கரண்டியக் கீழ போட்டுட்டு 'ஆளே மாறிட்டே'ன்னார். சரி, எப்போ கண்டுபிடிக்கறார் பாப்போம்னு வாய மூடிக்கிட்டேன். ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். இல்லாத நேர் ரோட்ட ஊருக்கெல்லாம் காட்டறார். அப்போதான்டா எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா என் மூக்கப் பாத்துப் பாத்துத்தான் கிண்டல் பண்றார்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுவும் பாக்காமத்தான். கிண்டலும் பாக்காம, பாராட்டும் பாக்காம. எனக்கு அதுதான் வலிச்சுது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ மட்டும் என்ன? நாலாயிரம் மூக்கு எடுத்தேன்னு பீத்திக்கறே."

வெட்கத்தில் காது சுட்டது.

"கண்டுபிடிச்சது ஒரே ஒருத்தி," என்றாள் அக்கா. "மூணாவது நாள் காய் நறுக்கிக்கிட்டே மருமக மெதுவா கேட்டா, 'அத்தை, நீங்க ஊசி போட்டுக்கலதானே?'ன்னு. எப்படிடி தெரியும்னேன். 'தினமும் உங்க மூஞ்சியப் பாத்துத்தானே அத்தை பேசறேன்'னா. எவளுக்குப் பயந்து வந்தேனோ அவ ஒருத்திதான்டா என்னைப் பாத்திருக்கா. அன்னிக்கு மேஜையில சிரிச்சதுக்கு மன்னிப்பும் கேட்டா. ஒன்பது மாசமா நாங்க ரெண்டு பேரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு வயிறு வலிக்கச் சிரிக்கறோம். வெளிய சிரிச்சாதான் மூக்கு இறங்கிடுமே."

"அப்போ இன்னிக்கு எதுக்குக்கா வந்தே?"

அக்கா எழுந்து கதவைத் திறந்து காட்டினாள்.

காத்திருக்கும் கூடத்தில், ஆளுயர அக்காவின் படத்துக்குக் கீழே, அத்தான் உட்கார்ந்திருந்தார். தொடைமேல் அட்டையை வைத்து நாலு பக்கப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கையசைத்தார். "மாப்ளே! வீட்ல ரெண்டு பேரும் உங்க மூக்கு தொங்குது, உங்க மூக்கு தொங்குதுன்னு ஒரே நச்சரிப்பு. இறங்கினதுக்கு அவ மறுபடி போட்டுக்கறப்போ கூடவே நானும் போட்டுக்கலாம்னு வந்துட்டேன். இவளுக்குத் துளி வலி இல்லையாமே?"

"அக்காவுக்குத் துளிகூட வலிக்கல அத்தான்," என்றேன். அதில் பொய் ஏதுமில்லை.

சிஸ்டர் படிவத்தை வாங்க வந்தார். அக்கா குறுக்கே கை நீட்டி அதை வாங்கி, மூன்றாவது பக்கத்தைப் பிரித்தாள். "இவருக்கு மூக்குத்தண்டுல ஃபில்லர் வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. கண்ணு போயிட்டா வண்டி யார் ஓட்டறது? நுனிக்கு மட்டும் நூல் போடட்டும். அதுக்கு 'கடுமையான வலி, வேறு பாதிப்பு இல்லை'ன்னு தெளிவா போட்டிருக்கு." சிஸ்டர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு குறித்துக்கொண்டார்.

அத்தானை முதல் அறையில் உட்காரவைத்தேன். விளக்கை உச்சிக்கு ஏற்றினேன். கேமராவை அவர் முகத்துக்குள் நுழைத்தேன். "நல்லா சிரிங்க அத்தான்," என்றேன். மழை ஜோக் சொல்லும்போது சிரிப்பதைப்போலவே சிரித்தார். மூக்கு மேலுதட்டில் வந்து உட்கார்ந்தது.

களிம்பு தடவி அவரை இரண்டாம் அறையில் உட்காரவைத்துவிட்டு சிஸ்டர் வெளியே வந்தார். அக்கா நடையில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாடை இம்மி உயரத்திலேயே இருந்தது.

"இவருக்கு மட்டும் ரூம் மாறிடாம பாத்துக்கோடா," என்றாள்.

நான் நேராகப் போய் நான்காம் அறையின் பின்வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.